சீரில் வந்த மிஷின்

தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மிஷினில் உப்பை வடிகட்டும் மெம்பிரேனை மாற்றுவது எப்படி என்று, இந்தத் தொழில் பழக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கையில் இருக்கும் போன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறது. பாதியில் நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. நான் கோபித்துக்கொள்வேன். என்னிடம் வேலை பழகியவர்கள் இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் தனித்தனியாகக் கடை போட்டு நன்றாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு என் கோபம்தான் காரணம். என்னிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்றே சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

நான் வேலையை விட்டதற்கு வயதைக் காரணம் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் பாதி வாழ்க்கை சிங்க்குக்கு அடியில் மண்டி போட்டே கழிகிறது. உட்காரும்போது மடங்கிய முட்டி, எழுந்திருக்கும்போது நிமிர மாட்டேன் என்று ஒரு நாள் அடம் பிடித்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று அந்த வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அதோடு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் சட்டைப் பையில் டிடிஎஸ் மீட்டரைச் செருகிக்கொண்டு வந்திருப்பதைப் பார்க்கிறேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் அந்தப் பேனா மாதிரிச் சாமானுக்கு நம் பக்கத்தில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். அதை வெளியே எடுத்தால் வீட்டில் டிவியை நிறுத்திவிடுவார்கள். அரியலூரில் ஒருவர் அந்த மரியாதை தனக்கும் வேண்டும் என்று சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டார். சுண்ணாம்புப் பூமி, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீர், பயப்படுவதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் தண்ணீரோடு நிறுத்தவில்லை. ரசத்தில் வைத்துப் பார்த்தார், மோரில் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் இளநீரில் வைத்துப் பார்த்துவிட்டு, எண் எக்கச்சக்கமாக வந்ததால் வாசலில் வழக்கமாக வரும் இளநீர்க்காரரைக் கலப்படம் செய்கிறார் என்று விரட்டிவிட்டார். இளநீரில் இயற்கையாகவே உப்பு இருக்கும் என்று நான் சொன்னதற்கு, நீங்கள் எல்லோரும் கூட்டா என்று கேட்டார். மீட்டர் உப்பு எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம். சில வீடுகளில் அதைக் கண்டுபிடிப்பதுகூடப் பெரிய வேலை இல்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் வேலை. அப்படி ஒரு வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

செட்டிகுளம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு ஊர். வீட்டுக்காரர் பொன்னுசாமி, சின்ன வெங்காயம் போட்டு நிமிர்ந்த மனிதர். அவருடைய மனைவி அஞ்சலை. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. அந்த மகனுக்குக் குரும்பலூரிலிருந்து தேன்மொழி என்ற பெண்ணைத் தை மாதத்தில் கல்யாணம் செய்து கொண்டுவந்தார்கள். கட்டில், பீரோ, கிரைண்டர் என்று சீர் வந்ததோடு ஒரு ஆர்.ஓ. மிஷினும் வந்தது. பெண்ணின் அப்பா எங்கள் கடையில் எடுத்தது. மாப்பிள்ளை ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்று விசாரித்திருந்தார், தன் பெண் உப்புத் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று நினைத்தார். சீர் வண்டியில் மற்ற சாமான்களுக்கெல்லாம் மேலே, குங்குமப் பொட்டு வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி அந்த மிஷின் உட்கார்ந்து வந்ததை நானே பார்த்தேன். பெண்ணுக்கு அடுத்தபடி ஊர் பார்த்தது அதைத்தான்.

மாட்டுவதற்குப் போனபோது பொன்னுசாமி பக்கத்திலேயே நின்றார். அந்த வீட்டில் மொட்டை மாடியில் இரண்டு டேங்க். பெரியது கொல்லையில் கட்டிய பாத்ரூமுக்கும் கொல்லைக் குழாய்க்கும். சின்னது சமையலறைக்கு மட்டும். இரண்டுக்கும் ஒரே போர்த் தண்ணீர்தான் ஏறுகிறது, ஆனால் கக்கூஸுக்குப் போகிற டேங்க்கிலிருந்து சமையலுக்கும் தண்ணீர் வருவதை அஞ்சலையம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் தனி டேங்க். உங்களுக்கும் இது புதிதாக இருக்காது, நம் ஊர்களில் பாதி வீடு இப்படித்தான்.

மிஷினை ஓட்டிக் காட்டினேன். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் சொட்டியது, உப்பைச் சுமந்த கழிவுத் தண்ணீர் இன்னொரு பக்கம் டியூப்பில் ஓடியது. பொன்னுசாமி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு டம்ளர் குடிக்க மூணு டம்ளரக் கொட்டணுமா? இது என்ன கணக்கு தம்பி?"

இதுதான் கணக்கு என்று சொன்னேன். அவர் கிணறு வற்றிய வருஷத்தில் குடத்தில் சுமந்து வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டவர். என் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுவரில் ஓட்டை போட்டு டியூப்பைக் கொல்லைப் பக்கம் தள்ளி, மருமகள் கையால் புதிதாக நட்ட ஒரு வாழைக்கன்றின் காலடியில் விட்டுவிட்டு வந்தேன்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. மிஷின் தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம். போய்ப் பார்த்தால் மெம்பிரேன் அடைத்துவிட்டது. சமையலறைக் குழாயில் மீட்டரை வைத்தால், மாட்டிய அன்று இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. தண்ணீரில் உப்பு கூடியிருக்கிறது, அதனால் மெம்பிரேன் போய்விட்டது என்று சொன்னேன். மாற்றிக் கொடுத்தேன். கோடையில் போர்த் தண்ணீர் இறங்கும்போது உப்பு கூடுவது நடக்கிறதுதான். கொல்லைப் பக்கம் போய்ப் பார்க்க அன்று எந்த அவசியமும் தெரியவில்லை. புது மெம்பிரேனும் சீக்கிரமே அடைத்தது. மறுபடி போனேன், எண் இன்னும் ஏறியிருந்தது. போர் போடுகிற லாரிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். ஊற்று திரும்பியிருக்கும் என்று அவர் சொன்னாராம். எப்போதிலிருந்து என்று கேட்டாராம். தை மாதத்துக்கு அப்புறம் என்று அஞ்சலையம்மா சொன்னாராம்.

யார் சொன்னதிலும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் உப்பாகியிருந்தது, உண்மை. தைக்கு அப்புறம்தான் ஆனது, அதுவும் உண்மை. தையில் அந்த வீட்டில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வாழைக்கன்றும் காய்ந்து போனது. வந்தவள் கால் வைத்ததும் தண்ணீர் கெட்டது, கை வைத்ததும் வாழை பட்டது என்று ஒரு வாசகம் தயாராகிவிட்டது. போர் ஆழமாகப் போட்டால் தண்ணீர் மாறலாம், மருமகளின் காலை என்ன செய்வது என்று அஞ்சலையம்மா ரேஷன் கடை வரிசையில் நின்று கேட்டது பெரம்பலூர் கடைவீதியில் இருந்த என் காதுக்கே வந்தது.

அப்புறம் ஒரு நாள் பொன்னுசாமியே போன் செய்தார். மிஷினைக் கழற்ற வேண்டும், இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். பெண் கொஞ்ச நாள் அவங்க அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று பேசியிருக்கிறோம், சாயங்காலம் அவர் வேனோடு வருகிறார், மிஷினையும் கொடுத்தனுப்பிவிடலாம் என்றார். குரல் சரியாக இல்லை. கொஞ்ச நாள் தங்கப் போகிற பெண்ணுக்கு எதற்கு வேன் என்று நான் கேட்கவில்லை. சீர்ச் சாமான் வெளியே போகத் தொடங்கினால் அது கொஞ்ச நாள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போனேன். கூடத்தில் ஒரு சூட்கேஸும் ஒரு கட்டைப் பையும் இருந்தன. தேன்மொழி சமையலறையில் நின்று, நான் வேலை செய்ய வசதியாக மிஷினுக்குக் கீழே இருந்த சாமான்களை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, மாட்டும்போது சுவரில் போட்ட ஆணி ஓட்டைகளை அடைத்துவிடச் சொன்னாள். போகிற வீட்டின் சுவரைப் பற்றி அவள் கவலைப்பட்டது எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்று அப்போது தெரியவில்லை.

கழற்றுவதற்கு முன் பழக்க தோஷத்தில் குழாயைத் திறந்து மீட்டரை வைத்தேன். எண் மூவாயிரத்தைத் தாண்டிப் போனது. என் மீட்டரில் அந்தப் பக்கத்தில் எங்கும் அப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. பக்கத்துக் காட்டுப் போர்களிலெல்லாம் பழைய அளவுதான், எனக்குத் தெரியும், அங்கேயும் என் மிஷின்கள் ஓடின. இந்த ஒரு வீட்டுக்கு அடியில் மட்டும் கடல் வந்துவிட்டதா என்று நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் தண்ணீர் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, எல்லோரும் ருசி பார்த்தது சமையலறைக் குழாயை மட்டும்தான். பாத்திரம் கழுவுவது கொல்லைக் குழாயில். பல் விளக்குவதும் அங்கேதான், பல்பொடி போட்ட வாய்க்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். பெரிய டேங்க்கின் தண்ணீரை யாரும் குடித்துப் பார்க்கவில்லை. குடிக்கவும் மாட்டார்கள், அது கக்கூஸ் டேங்க்.

பாத்ரூம் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். தேன்மொழி டம்ளரை எடுத்தாள். கூடத்திலிருந்து அஞ்சலையம்மா எழுந்து வந்துவிட்டார்.

"குடிக்கிற டம்ளர்லயா? வேற ஏனம் கெடைக்கலயா ஒனக்கு?"

போகப் போகிற நேரத்திலும் இவளுக்கு ஆசாரம் வரவில்லை என்று சொன்னார். அடுப்படியைத் துழாவி ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக் கொடுத்தார். தேன்மொழி அந்தக் கொட்டாங்குச்சியில் பாத்ரூம் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்தாள். சமையலறைக்குள் கொண்டு வரக்கூடாது என்றதால் வாசற்படிக்கு வெளியே வைத்தாள். நான் படிக்கு இந்தப் பக்கம் குனிந்து மீட்டரை நீட்டினேன். மிஷின் மாட்டிய அன்று என்ன காட்டியதோ, அதேதான் காட்டியது. ஏறக்குறைய ஆயிரம்.

இதைச் சொன்னபோது அஞ்சலையம்மா நம்பவில்லை. கக்கூஸ் தண்ணீர் எப்படிக் குடிக்கிற தண்ணீரைவிட நல்ல தண்ணீராக இருக்கும் என்று கேட்டார். இரண்டு டேங்க்குக்கும் ஒரே போர். ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. அப்படியானால் உப்பு பூமிக்குள்ளிருந்து வரவில்லை, மாடியில் பிறக்கிறது. சின்ன டேங்க்கின் வால்வை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

மேலே சின்ன டேங்க்கின் மூடி லேசாகத் தூக்கியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு வெள்ளை டியூப் உள்ளே போயிருந்தது. கேபிள் டிவி ஒயரோடு சேர்த்துக் கட்டி, சுவரோரமாக அழகாக, ஒரு வளைவு பிசகாமல் ஏற்றியிருந்தார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். டியூப்பின் நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் வாழைக்கு விட்ட அதே கழிவுத் தண்ணீர்.

புரிந்திருக்கும் உங்களுக்கு. மிஷின் நல்ல தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் திருப்பி டேங்க்கில் கொட்டுகிறது. அந்த உப்புத் தண்ணீரையே மறுபடி இழுக்கிறது, மறுபடி உப்பைக் கொட்டுகிறது. குழாயைத் திறந்து தாராளமாகச் செலவழித்திருந்தாலாவது கொஞ்சம் வெளியேறியிருக்கும். உப்பு என்று குழாயை ஒதுக்க ஒதுக்க உப்பு இன்னும் கூடியது. யார் இதைச் செய்தார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று டம்ளரைக் கொட்டுவதா என்று கேட்டவர் ஒருவர்தான். நல்ல எண்ணத்தில் செய்திருந்தார், சுத்தமாகவும் செய்திருந்தார். நம் கடைப் பையன்கள் யாரும் அவ்வளவு நேராக டியூப் கட்டி நான் பார்த்ததில்லை.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. பழுது கண்டுபிடித்தாகிவிட்டது. டியூப்பைப் பிடித்து இழுத்தால் ஒரு நிமிஷ வேலை. சின்ன டேங்க்கை ஒருமுறை காலி செய்து நிரப்பினால் தண்ணீர் பழையபடி ஆகிவிடும். வழக்கமாக நான் அதைத்தான் செய்திருப்பேன், வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தாமல் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். டியூப்பில் கை வைத்தும்விட்டேன். அப்போது கீழே சூட்கேஸை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

நான் இப்போது இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சாயங்காலம் பெண் போய்விடுவாள். நாளைக்குத் தண்ணீர் நன்றாகிவிடும். அவள் போனாள், தண்ணீர் தெளிந்தது என்று ஊர் முழுக்கப் பேசும். அதற்கு மேல் ஒரு சாட்சி தேவையில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து என்ன சொன்னாலும் அந்தப் பேச்சு போகாது. ஒரு நல்ல மெக்கானிக்காக அந்த ரிப்பேரை நான் செய்து முடித்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. டியூப்பை அப்படியே விட்டேன்.

மாடியிலிருந்தே கத்தியிருக்கலாம். கத்தினால் கீழே பொன்னுசாமி என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமில்லை. மனைவிக்கும் மருமகளுக்கும் முன்னால், வேனோடு வரப்போகிற சம்பந்திக்கு முன்னால், ஊரே கைகாட்டிய பழி உன்னுடையது என்று ஒரு வெளியாள் சொன்னால் அறுபது வயது மனிதர் என்ன செய்வார்? இல்லை என்பார். இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் அவரை மட்டும் கூப்பிட்டேன். ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் மேலே வாருங்கள் என்றேன்.

அவர் வந்தார். நான் டேங்க்கின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டியூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீர் வீணாகக்கூடாதே என்றுதான் ஏற்றியதாகச் சொன்னார். அவர் பார்க்கும்படி மீட்டரை டியூப்பின் நுனியில் வைத்தேன். அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒன்றையே கேட்டேன்.

"பாத்தியில வுட்ட தண்ணி வடியாம அங்கனயே நின்னு காஞ்சா என்னாவுங்க?"

"உவர் பூக்கும்" என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை தேன்மொழி தினமும் காலையில் சமையலறைக் குழாயில் பிடித்துத்தான் வாழைக்கு ஊற்றியது, எதற்கும் ஆகாத தண்ணீர் அதற்காவது ஆகட்டும் என்று ஊற்றியது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது எடுத்தால் என்ன பேச்சு வரும் என்று நான் யோசித்ததை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, எனக்கு முன்னால் படியிறங்கிப் போனார். நல்லது நடக்கப் போகிறது என்று நான் பின்னாலேயே இறங்கினேன். கூடத்துக்கு வந்ததும் அவர் வாசல் நிலை ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். நான் நடுக்கூடத்தில் நின்றேன். அஞ்சலையம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார்.

எனக்குப் பின்னாலிருந்து பொன்னுசாமியின் குரல் வந்தது.

"போருக்கு ஒண்ணுமில்ல. மெக்கானிக்குதான் டியூப்ப மாத்தி வுட்டுட்டாப்ல. உப்புத் தண்ணி திரும்பத் திரும்ப டேங்குக்கே போயிருக்கு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உங்களுக்கு என் கோபம் தெரியும். அந்தக் கோபத்தோடு வாயைத் திறந்தேன். எதிரே சமையலறை வாசலில் தேன்மொழி நின்றிருந்தாள், கட்டைப் பை கையில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அஞ்சலையம்மா என்னைத் தாண்டி வாசல் நிலையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தொடங்கினார். என் தொழிலை, என் கடையை, எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரை, என்னை நம்பி மிஷின் வாங்குகிறவர்களின் அறிவை என்று வரிசையாக எடுத்துக்கொண்டார். நான் இதுவரை வாங்கிய திட்டுகளை ஒரு தட்டிலும் அதை ஒரு தட்டிலும் வைத்தால் அதுதான் கீழே இறங்கும். நடுவில் அவர் குரல் உடைந்தது.

"ஒன்னாலதான்யா, தலகுனிஞ்சு நடக்குற புள்ளைய நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன். அது வந்த நேரத்துல ஒரு கொறையும் இல்ல. எங்க போயி இந்தப் பாவத்தக் கழுவுவேன்?"

சொல்லிவிட்டுத் தேன்மொழியின் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கிச் சுவரோரம் போட்டார். தேன்மொழி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

இந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. பெண்ணின் அப்பா பயந்துகொண்டே உள்ளே வந்தார். தன் மகளைத் திட்டுகிற குரல் என்று நினைத்துத்தான் வந்திருப்பார். திட்டு வாங்குவது நான் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த நிம்மதியை நான் மறக்கவே முடியாது. விஷயம் என்ன என்று கேட்டுக்கொண்டு அவரும் சேர்ந்துகொண்டார். சம்பந்திகள் அன்றுபோல் ஒற்றுமையாக இருந்து நான் பார்க்கவில்லை, கல்யாணத்திலேகூட இல்லை. திட்டி முடித்து மூன்று பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். எனக்குக் காப்பி வரவில்லை. மாடிக்குப் போய் டியூப்பை இறக்கி, டேங்க்கைக் கழுவி விட்டு வந்தேன்.

வண்டியை எடுக்கும்போது பொன்னுசாமி வெளியே வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. டியூப்பை இனி எங்கே விடுவது என்று கேட்டார். வாழை வேண்டாம், தென்னை வையுங்கள், அது உப்பைத் தாங்கும் என்றேன். தாங்குமா என்று இன்னொரு தடவை கேட்டார். தாங்கும் என்றேன். அந்த அளவில் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு அந்த ஊரிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் என்னிடம் யாரும் மிஷின் வாங்கவில்லை. டியூப்பை மாற்றி மாட்டுகிற மெக்கானிக் என்று பெயர் பரவிவிட்டது. குரும்பலூரிலும் அதே பெயர், பெண்ணின் அப்பா தன் பங்கைச் செய்திருந்தார். கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, தப்பு செய்தவர்கள் எல்லோருமே இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள் என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன, அந்தப் பெண் எப்படியும் தப்பித்திருப்பாளே என்று சில நாள் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரே ஒரு வீடு மட்டும் என்னை விடவில்லை. ஒவ்வொரு தடவை ஃபில்டர் மாற்றுவதற்கும் தேன்மொழி எனக்குத்தான் போன் செய்வாள். கடையிலிருந்து வேறு யாரையாவது அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாள். நான் போவேன். அஞ்சலையம்மா என்னைப் பார்த்ததும், இந்தத் தடவையாவது டியூப்பை ஒழுங்காக மாட்டுகிறாயா என்று கேட்டுவிட்டு, பெரிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைப்பார். கொல்லையில் தென்னம்பிள்ளை ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. அதன் காலடியில் டியூப் கிடக்கும். பொன்னுசாமி அதைப் பார்க்கும்படியாக உட்கார மாட்டார், நாற்காலியை எப்போதும் வேறு பக்கம் திருப்பித்தான் போட்டுக்கொள்வார்.

முட்டி என்னைக் கைவிடுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, கடைசியாக அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்க்குக்கு அடியில் மண்டி போட்டிருந்தேன். தேன்மொழி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்போது அவளாகவே சொன்னாள்.

"அன்னிக்கு டியூப்ப நீங்க மாத்தி வுடலன்னு எனக்குத் தெரியும்ணே."

எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றாள். அவர் படியிறங்கி வந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். போகட்டும், உன் அத்தைக்குத் தெரியாதவரை நல்லதுதான் என்றேன். தேன்மொழி சிரித்துவிட்டாள்.

"அத்தைக்கா தெரியாது? மாமா சுவத்தோரமா டியூப்ப ஏத்துனப்ப ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னதே அத்தைதாண்ணே, நானே பாத்தேன். எதுக்குன்னுதான் அப்ப வெளங்கல."

நான் சிங்க்குக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தேன். டியூப்பை ஏற்றியது யார் என்று ஏணியைப் பிடித்தவருக்குத் தெரியும் என்றால் அன்றைக்கு எதற்காக என்னை அப்படிக் கிழித்தார் என்று கேட்டேன்.

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமாவத் திட்ட முடியாதுல்லண்ணே."

நீங்களும் இந்தத் தொழிலில் திட்டு வாங்குவீர்கள், நிறையவே வாங்குவீர்கள். வாங்கும்போது பதில் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.